கசக்காத கொழுஞ்சி

கொழுஞ்சியை ஆடு கடிக்காது. ஆடு வளர்த்தவர்கள், வளர்க்காதவர்கள், ஞாயிற்றுக்கிழமை கறி மட்டும் வாங்கித் தின்கிறவர்கள், எல்லாருக்கும் இது தெரியும். தரிசெல்லாம் கருகிக் கிடக்கிற சித்திரை வெயிலிலும் கொழுஞ்சி மட்டும் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்று ஊதாப் பூ பூக்கிறது என்றால், அதற்குப் பாதிக் காரணம் ஆழமாகப் போகிற ஆணிவேர். மீதிக் காரணம், எந்த ஆடும் அதில் வாய் வைக்காதது. செண்பகவல்லிக்கும் இது தெரியும். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை யாராவது மெனக்கெட்டுச் சோதித்துப் பார்ப்பார்களா? அவளும் பார்க்கவில்லை.

செண்பகவல்லி வேர்வளம் விதை நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணைக்குத் தலைவி. பண்ணை மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் பிறந்தது கோவில்பட்டிக் கரிசலில். ஐம்பது தாண்டியும் வேகமாகத்தான் நடப்பாள், வேகமாகத்தான் பேசுவாள், தப்பு செய்தாலும் வேகமாகத்தான் செய்வாள் என்று பண்ணையில் அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

யூரியா ஏற்றிய கப்பல்கள் வருவது நின்றுபோன காலம் அது. வெளிநாட்டில் யூரியா செய்கிற எரிவாயு தீர்ந்தது, இங்கே மூட்டை தீர்ந்தது. காவிரி வயல்களில் நெல் வெளுத்து நின்றது. அப்போதுதான் செண்பகவல்லி தன் கொழுஞ்சியோடு வந்தாள். கொழுஞ்சி காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து வேர் முடிச்சுகளில் சேர்த்து வைக்கும் என்பது பழைய சங்கதி. ஆனால் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் கொடுக்காது. செடியை மடக்கி உழுது, அது அழுகின பிறகுதான் நிலத்துக்கு வந்து சேரும். செண்பகவல்லி செய்த செடி அப்படி இல்லை. வரப்பில் வருஷக்கணக்காக நின்றபடியே, மண்ணுக்குள் ஓடும் பூஞ்சை இழைகள் வழியாகப் பக்கத்து நெல்லுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. உழ வேண்டாம், மூட்டை வேண்டாம். அதற்கு அன்னக்கொழுஞ்சி என்று பெயர் வைத்தார்கள். மூன்று மாவட்டத்து வரப்புகளில் அது நின்றது, நெல் கறுத்து விளைந்தது. செண்பகவல்லிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதை அவள் மறைக்கவும் இல்லை.

கீழமருதூர் வைரக்கண்ணு ஒரு காலையில் போன் செய்தார். அன்னக்கொழுஞ்சியை முதல் ஆளாக வாங்கி வைத்த விவசாயி அவர்.

"அம்மா, நம்ம வயல்ல கிடை போட்டிருந்த ஆடு செத்துக் கெடக்குங்கம்மா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

"ஆடு செத்தா கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க. நான் செடிக்கில்ல டாக்டரு?"

"அவரு வந்து பாத்துட்டாருங்க. உங்களைக் கூப்பிடச் சொன்னதே அவருதாங்க."

அறுவடை முடிந்து தாளாகக் கிடந்த வயலில் வலை கட்டிக் கிடை போட்டிருந்தது. கோடையில் ராமநாதபுரத்துக் கோனார்கள் செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருவார்கள். இரவில் ஆடுகளை ஒருவர் வயலில் அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதற்கு வயல்காரர் நெல் அளப்பார். நைட்ரஜனைக் கொழுஞ்சி கொடுத்தாலும் மண்ணுக்கு வேறு சத்தும் வேண்டுமே, அதனால் கிடை போடுவது நின்றுவிடவில்லை. வலைக்கு வெளியே ஒரு தார்ப்பாய் மூடியிருந்தது. அதன் பக்கத்தில் மந்தையின் சொந்தக்காரர் மலைமேகு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் அழவில்லை. அழுது முடித்திருந்தார் என்று முகம் சொன்னது.

டாக்டர் ஓர் ஆட்டை அறுத்துப் பார்த்து, இரைப்பையில் இருந்ததை ஒரு அன்னக்கூடையில் எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். செண்பகவல்லி குனிந்து ஒரு குச்சியால் கிளறினாள். சின்னச் சின்ன இலைகள். ஒவ்வொரு காம்பிலும் ஜோடி ஜோடியாக, நுனியில் ஒற்றையாக.

"யாரோ வேணும்னே கலந்து போட்டிருக்காக அண்ணாச்சி. ஆடு கொழுஞ்சி தின்னாது."

"தின்னும் தாயி," என்றார் மலைமேகு. "மூணு வருசமாத் தின்னுது."

செண்பகவல்லி நிமிர்ந்தாள். வைரக்கண்ணு வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றுமில்லை.

"மூணு வருசமா? வைரக்கண்ணு, உங்களுக்குத் தெரியுமா?"

"வரப்புச் செடியை நுனி கடிச்சிருந்துச்சுங்கம்மா. கடிச்ச எடத்துல நாலு கிளையா வெடிச்சுக்கிட்டு வந்துச்சு. நல்லதுதானேன்னு விட்டுட்டேன். உங்ககிட்ட சொன்னா கம்பெனியில செடியைப் பிடுங்கிக்கிட்டுப் போயிருவாங்களோன்னு ஒரு பயம்."

"நீங்க ஏன் சொல்லல அண்ணாச்சி?"

"கோடையில பச்சையைக் கண்டா எந்த இடையன் தாயி வாயைத் திறப்பான்? வெயில்ல குட்டி சாகாம நின்ன வருசம் இந்த மூணு வருசந்தான். உலகமே கடிக்காதுன்னு சொல்ற செடியை என் ஆடு கடிச்சுச்சு. சாமி குடுத்துச்சுன்னு நினைச்சேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் கோடையில் வயல்பக்கம் வந்ததே இல்லை. நெல் நிற்கிற காலத்தில் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாள். கிடை போடுகிற மாதங்களில் பண்ணையில் குளிர்பதன அறைக்குள் உட்கார்ந்து அடுத்த செடியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பாள்.

வரப்போரம் போய் ஒரு இலையைப் பறித்தாள். நுனியை ஒரு கையிலும் அடியை ஒரு கையிலும் பிடித்து மெல்ல இழுத்தாள். காட்டுக் கொழுஞ்சி என்றால் இலை நேராகக் கிழியாது. நரம்புகள் சாய்வாக ஓடுவதால் அம்பு முனைபோல் கூராகப் பிரியும். கொழுஞ்சியா இல்லையா என்று பார்க்க எல்லாரும் செய்கிற வேலை இது. தன் செடியை அடையாளம் தெரிவதற்காகவே செண்பகவல்லி அந்த நரம்பை மாற்றியிருந்தாள். அன்னக்கொழுஞ்சி இலை குறுக்கே நேராக அறும்.

இலை நேராக அறுந்தது. அடுத்த செடியிலும் நேராக. வயல் மூலையில், ஆடுகள் அதிகம் நிற்கிற மேட்டில், புதிதாக முளைத்த செடிகளில் ஒன்றிலிருந்து இலை பறித்து இழுத்தாள். அம்பு முனை.

அதை வாயில் போட்டு ஒரு கடி கடித்துப் பார்த்தாள். வைரக்கண்ணு பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினார். அவள் துப்பி, கொப்பளித்து, இன்னொரு முறை கொப்பளித்தாள்.

"கசக்கல," என்றாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"கசக்கலைன்னா நல்லதுதானே தாயி?"

"இல்ல அண்ணாச்சி. இப்படி வந்து நில்லுங்க, சொல்றேன்." அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "காட்டுக் கொழுஞ்சி வேர்லயும் விதையிலயும் ஒரு விஷம் உண்டு. அந்தக் காலத்துல அதை இடிச்சுக் குட்டையில போட்டு மீன் பிடிப்பாக. மீன் மயங்கி மிதக்கும். வயல் தண்ணி வாய்க்காலுக்குப் போகுது, வாய்க்கால்ல மீன் இருக்குன்னு நான் அந்த விஷத்தை எடுத்தேன். அதுல ரெண்டு வரிசை கிடைச்சுது. ஒண்ணு விஷம் போயும் கசந்துச்சு. இன்னொண்ணு கசக்கல. கசக்காததுதான் நெல்லுக்குக் கொஞ்சம் கூட ஊட்டுச்சு. அதை எடுத்துக்கிட்டேன்."

"சரி."

"கசப்பும் விஷமும் ஒரே கொத்துல ரெண்டு சாவி மாதிரி. காட்டுச் செடியில எப்பவும் சேந்தே இருக்கும். ஆடு கசப்பைப் பாத்து ஒதுங்கும், விஷத்துக்கிட்டப் போகவே போகாது. இப்ப என் செடியும் காட்டுச் செடியும் தேனீயால கலந்திருக்கு. முதல் தலைமுறையில ரெண்டு சாவியும் சேந்தே வந்திருக்கும். அதோட பிள்ளைகள்ள கொத்து பிரிஞ்சிருச்சு. விஷம் இருக்கு, கசப்பு இல்ல. கலப்புல விஷம் கூடியும் போயிருக்கு. உங்க ஆடு நல்ல செடின்னு நம்பித் தின்னுருக்கு."

மலைமேகு தார்ப்பாயைப் பார்த்தார். "அதுகளுக்கு நம்பிக்கையைக் குடுத்தது நீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது அவளை இன்னும் அதிகமாகக் குத்தியது.

"ஆமா, நான்தான்," என்றாள் செண்பகவல்லி. "நானே சரி பண்ணுவேன். அதுவரைக்கும் ஆட்டைக் கொழுஞ்சிப் பக்கம் விடாதீங்க." சொல்லும்போதே எப்படிச் சரிசெய்வது என்று அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டிருந்தது. அந்தப் பாதி போதும் அவளுக்கு.

நிறுவனத்தின் இயக்குநர் ரகோத்தமன் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார். கும்பகோணத்துக்காரர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கெட்ட மனுஷரும் இல்லை. சிக்கல் வந்தால் அதை யார் தலையில் இறக்கி வைப்பது என்று முதலில் யோசிப்பார், அவ்வளவுதான்.

"கலப்பு எப்படிப் பரவித்துன்னு சொல்லுங்கோ," என்றார்.

"ஆட்டுக் குடல்ல சார். கொழுஞ்சி விதைக்குத் தோல் கல்லு மாதிரி. சும்மா போட்டா வருசக்கணக்கா மண்ணுல அப்படியே கிடக்கும். நாம மணல்ல போட்டுத் தேச்சுத்தானே விக்கிறோம்? அந்த வேலையை ஆட்டு வயிறு இலவசமாப் பண்ணியிருக்கு. காயோட தின்னு, புழுக்கையோட போட்டிருக்கு. கிடை போட்ட இடமெல்லாம் முளைச்சிருக்கு."

"அப்போ பரப்பினது ஆடு." ரகோத்தமன் கைகளைக் கோத்துக்கொண்டார். "கோட்டாட்சியர் விசாரணை வைக்கறார். டெல்டாவுக்குள்ள வெளியூர் மந்தையே வரக்கூடாதுன்னு உத்தரவு கேட்கப் போறோம். ஆடு வரலைன்னா தின்னப் போறதில்லே, சாகப் போறதில்லே. செடியும் நிக்கும். இதுல நான் சொன்னது ஏதாவது பொய்யா?"

"பொய் இல்ல சார். பாதி உண்மை. மந்தை வரலைன்னா அவுக எங்க போவாக? அந்த ஊர்ல கோடையில புல்லே கிடையாது. ஆட்டை வித்துட்டுத் திருப்பூருக்குத்தான் போகணும்."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"என்கிட்ட வழி இருக்கு." செண்பகவல்லி மேசையில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தாள். "நான் வேண்டாம்னு ஒதுக்கின வரிசை. விஷம் இல்ல, கசப்பு மட்டும் உண்டு. காட்டுச் செடியை விட ரெண்டு மடங்கு கசக்கும். கொழுஞ்சி நிக்கிற இடத்துல எல்லாம் இதைக் கலந்து போடுவோம். ஆடு கண்ணால பாத்துத்தான் மேயும் சார். எது கசப்பு, எது கசக்காததுன்னு இலையைப் பாத்து அதால பிரிக்க முடியாது. நாலு வாய் கசந்தா கொழுஞ்சிங்கிற ஜாதியையே ஒதுக்கிரும். தாய் ஒதுக்கினா குட்டியும் ஒதுக்கும். செடியும் நிக்கும், கிடையும் நிக்கும்."

ரகோத்தமன் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார். "நல்ல யோசனைதான். செலவாகும். தடை உத்தரவுக்கு ஒரு செலவும் இல்லே. அதோட, இந்த விதையைப் போடணும்னா முதல்ல நம்ம செடியில குறை இருக்குன்னு ஒத்துக்கணும். ஆடு மேயாதுன்னு எழுதிக் குடுத்து உரிமம் வாங்கினது யாரு?"

"நான்."

"அதைச் சபையில சொல்லப் போறேளா?"

"கேக்காமலே சொல்லுவேன்."

"உங்க பேரு போயிடும் செண்பகவல்லி."

"பேரு இன்னொரு செடியில வந்துரும் சார். அவுகளுக்கு ஆடு போனா ஆடு வராது."

அவள் வீராப்புக்காக அதைச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினாள். தன்னால் சரிசெய்ய முடியாத தப்பைத் தான் செய்துவிட முடியாது என்று நம்புகிறவள் அவள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

விசாரணை கோட்டாட்சியர் அலுவலகத்துக் கூட்ட அறையில் நடந்தது. ஒரு பக்கம் ரகோத்தமனும் நிறுவனத்து வக்கீலும். இன்னொரு பக்கம் மலைமேகுவும் நாலைந்து கீதாரிகளும், அதாவது மந்தைத் தலைவர்கள். வைரக்கண்ணு இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வக்கீல் அழகாகப் பேசினார். மந்தைகளால் டெல்டாவின் சோற்றுக்கே ஆபத்து என்றார். மூன்று மாவட்டத்து விளைச்சலா, சில நூறு ஆடுகளா என்று கேட்டார். ஆடு வரவில்லை என்றால் யாருக்கும் நஷ்டமில்லை என்று முடித்தார். கீதாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செண்பகவல்லி எழுந்தாள். ரகோத்தமன் தடுக்கவில்லை. தடுத்தாலும் நிற்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

"பரப்பினது ஆடுதான் ஐயா. அந்த ஆட்டுக்குத் தின்னக் குடுத்தது நான். ஆடு மேயாதுன்னு எழுதினது நான். ஒரே ஒரு ஆட்டுக்கு ஒரு கை இலையை நீட்டியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நீட்டல. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டேன்." பிறகு கசப்பு விதையைப் பற்றிச் சொன்னாள். எவ்வளவு வேண்டும், எப்போது போடவேண்டும், எத்தனை நாளில் ஆடு ஒதுக்கும் என்று அடுக்கினாள்.

கோட்டாட்சியர் இளைஞர். பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "எங்கெங்க போடணும்னு உங்களுக்குத் தெரியுமா? ஒரு இடம் விட்டுப்போனாலும் அங்க ஆடு சாகும் இல்லையா?"

"தெரியும் ஐயா. டெல்டாவுக்குள்ள வர்ற மந்தைக்கெல்லாம் கழுத்துல பட்டை கட்டியிருக்கு, அதுல தடம் பதிவாகியிருக்கு. கிடை போட்ட இடம், போன வழி, அவ்வளவுதான். அதுக்கு வெளியே ஒரு செடி இருக்காது. நான் அடிச்சுச் சொல்றேன். செடியைச் செஞ்சது நான், சுமந்தது ஆடு. இந்த மனுசங்களுக்கு இதுல ஒரு பங்கும் இல்ல. இவுக வழியை அடைக்காதீங்க."

கோட்டாட்சியர் தலையாட்டினார். உதவியாளரிடம் ஏதோ சொல்லத் திரும்பினார். செண்பகவல்லி உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஐயா, ஒரு வார்த்தை." மலைமேகு எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "அந்தம்மா சொன்னதுல ஒண்ணு தப்பு."

"என்ன தப்பு?"

"ஆடு மட்டும் போடல. நானும் போட்டேன்."

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி, திரும்பிப் போறப்ப, காயைச் சாக்குல உருவிக்கிட்டுப் போனேன். எங்க ஊர்க் கண்மாய்க்குள்ள, ஓடைக்கரையில, பொட்டல்ல எல்லாம் நானே தூவினேன். மொளைக்கல. அப்புறம் கிடைப் புழுக்கையில மட்டும் மொளைக்குதேன்னு பாத்து, காயை ஆட்டுக்குப் போட்டு அந்தப் புழுக்கையை அள்ளித் தூவினேன். கேட்டவுகளுக்கும் குடுத்தேன். கமுதியில இருந்து சாயல்குடி வரைக்கும் நிக்கிது. அங்கெல்லாம் ஆட்டுக் கழுத்துல பட்டை கிடையாது."

"இது விதைத் திருட்டு," என்றார் வக்கீல். "உரிமம் பெற்ற செடி. சட்டப்படி—"

"ஆமாங்க, திருட்டுத்தான்," என்று மலைமேகு ஒப்புக்கொண்டார். "அதுக்கு என்ன உண்டோ செய்யிங்க."

செண்பகவல்லிக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு செடி இருக்காது என்று இப்போதுதான் அடித்துச் சொன்னாள். ஆடு மேயாது என்று எழுதிக் கொடுத்த அதே வாயால், அதே உறுதியோடு. இந்த மனுஷர்களுக்கு ஒரு பங்கும் இல்லை என்றாளே, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? ஆட்டிடம் கேட்கவில்லை, ஆட்டுக்காரரிடமும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை பேர் நடுவில் வெட்கப்படுவது அவளுக்குப் பழக்கமில்லை.

கோட்டாட்சியர் ரகோத்தமனைப் பார்த்தார். "சார், உங்க விஞ்ஞானி சொன்னதையும் இவர் சொன்னதையும் ஒண்ணாத்தான் பதிவு பண்ணப் போறேன். நடவடிக்கைன்னு வந்தா ரெண்டு பேர் மேலயும் வரும், உங்க நிறுவனத்து மேலயும் வரும். என்ன செய்யலாம்?"

ரகோத்தமன் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "விதைச்செலவை நாங்க ஏத்துக்கறோம்," என்றார். வக்கீல் வாயைத் திறக்கப் போனார். ரகோத்தமன் அவர் கையைத் தொட்டு உட்காரச் சொன்னார். ஆடு கசப்பை ஒதுக்கியது என்று நிரூபித்தால் அடுத்த கோடையிலும் கிடை போடலாம், அதுவரை தடை கேட்ட மனு தள்ளிவைப்பு என்று உத்தரவானது.

வெளியே வேப்பமரத்தடியில் செண்பகவல்லி மலைமேகுவைப் பிடித்துக்கொண்டாள்.

"உத்தரவு நம்ம பக்கம் வந்துருச்சு அண்ணாச்சி. வாயைத் திறக்காம இருந்திருந்தா உங்களுக்கு ஒரு வில்லங்கமும் இல்ல. எதுக்குச் சொன்னீக? தனியா என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க தடத்தைப் பாத்து விதை போட்டுட்டு வேலை முடிஞ்சுச்சுன்னு போயிருப்பீக. எங்க ஊரு கண்மாய்க்குள்ள ஆடு செத்துக்கிட்டே கிடக்கும். அங்க மேயிறது எங்க அண்ணன் ஆடு தாயி. தனியாச் சொன்னா நீங்க மட்டும் சரி பண்ணப் பாப்பீக. சாக்குச் சாக்கா விதை வேணும். கம்பெனி காதுல விழணும்ல?"

அவள் சிரித்துவிட்டாள். "என்னைய விடக் கெட்டிக்காரரா இருக்கீகளே."

"கெட்டிக்காரனா இருந்தா ஆடு சாகுமா தாயி." மலைமேகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இந்த விதை மொளைச்சா ஆடு கொழுஞ்சியைத் தொடவே தொடாதுல்ல?"

"தொடாது."

"பழைய மாதிரி வெறும் பொட்டல்தான் எங்களுக்கு."

"ஆமா அண்ணாச்சி." அதை மழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. "விஷத்தை எடுக்க முடிஞ்சா எடுத்துருவேன். அது காட்டுச் செடியில இருக்கு. காடெல்லாம் இருக்கிற செடியை நான் மாத்த முடியாது. கசப்பைத்தான் திருப்பிக் குடுக்க முடியும்."

மலைமேகு கொஞ்சம் யோசித்தார். "நான் காய் குடுத்தவுக நிறையப் பேரு. அவுக மந்தையில இன்னும் ஒரு ஆடு சாகல. பச்சையைத் தின்னு கொழுத்து நிக்கிது. இந்த விதையைக் கசப்புன்னு சொல்லிக் குடுக்கவா, சொல்லாமக் குடுக்கவா? சொன்னா வாங்கமாட்டாக."

ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் செண்பகவல்லி யோசிக்காமல் சொல்லியிருப்பாள்: சொல்லாதீர்கள், நல்லதுக்குத்தானே. இப்போதும் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே விழுங்கினாள்.

"சொல்லித்தான் குடுக்கணும். நானும் கூட வர்றேன்."

மழைக்கு முன்னால் போனார்கள். கமுதிக்குத் தெற்கே, மலைமேகுவின் அண்ணன் சாத்தையாவின் மந்தை கண்மாய்க்குள் மேய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் கருவேலம், வெடித்த மண். நடுவில் மட்டும் பச்சை. ஊதாப் பூவும் வளைந்த காயுமாகக் கொழுஞ்சி இடுப்பளவு நின்றது. ஆடுகள் மொறுமொறுவென்று தின்றுகொண்டிருந்தன. செண்பகவல்லிக்கு அதைப் பார்க்க ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. தான் செய்த செடி இந்தப் பொட்டலில் இப்படி நிற்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அடுத்த கணம் அந்தத் தார்ப்பாய் ஞாபகம் வந்தது.

சாத்தையா தம்பியை விட ஒல்லி, தம்பியை விடக் குறைவாகப் பேசுகிறவர். செண்பகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியின் ஆடுகள் செத்ததைச் சொன்னபோது அவர் மலைமேகுவை ஒரு பார்வை பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் சாகலையே," என்றார் கடைசியில்.

"இன்னும் சாகல அண்ணாச்சி. இந்தச் செடியில எல்லாம் விஷம் இருக்குன்னு நான் சொல்லல. எதுல இருக்குன்னு உங்களாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் சொல்ல முடியாது, ஆட்டாலயும் முடியாது. இந்த மழையில மொளைக்கிறதுல கூடும்."

"இந்தப் பச்சை வந்த பெறகுதான் நாங்க கோடையில வீட்ல படுத்திருக்கோம். தெரியுமா உங்களுக்கு?"

"தம்பி சொன்னாக."

"எம் பொண்டாட்டி பிள்ளையோட ஒரு சித்திரைப் பொறப்புக்கு ஊர்ல இருந்தேன். எனக்குத் தெரிஞ்சு அதுதான் மொதத் தடவை."

வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று செண்பகவல்லி நினைத்தாள். சொன்னால் வற்புறுத்தக்கூடாது என்றும் நினைத்தாள். அது அவளுக்குப் புதிய நினைப்பு, சுலபமாகவும் இல்லை. பண்ணையிலிருந்து கொண்டுவந்த கசப்புச் செடியின் ஒரு கொத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். சாத்தையா அதிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி மென்றார். முகம் கோணிப்போயிற்று. துப்பினார், மண்ணைப் பார்த்து நின்றார், இன்னொரு முறை துப்பினார். மிச்சக் கொத்தைப் பக்கத்தில் நின்ற ஒரு பெட்டைக் குட்டிக்கு நீட்டினார். அது ஆசையாகக் கடித்து, உதட்டைச் சுருட்டித் தலையை உதறிவிட்டுத் தள்ளிப்போய் நின்றது.

"இதைப் போட்டா ஆடு பொழைக்கும். ஆனா வயிறு காயும். அப்படித்தானே?"

"அப்படித்தான் அண்ணாச்சி."

"வயிறு காஞ்சா ஓட்டிக்கிட்டுப் போவேன். நாலு ஊரு தள்ளி, நாற்பது ஊரு தள்ளி, பழையபடி தஞ்சாவூருக்கே ஓட்டிக்கிட்டுப் போவேன்." சாத்தையா மந்தையைப் பார்த்தார். "செத்ததை எங்க ஓட்ட?"

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தார். செண்பகவல்லி சாக்கின் வாயைப் பிரித்து விதையைக் கொட்டினாள். துண்டு கனத்துத் தொங்கியதும் அவர் நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்.

"கண்மாய்க்குள்ள நானே போட்டுக்கிறேன்," என்றார். "நீங்க அடுத்த மந்தைக்குப் போங்க. பொழுது இருக்கு."